லிஃப்ட்காரர் வீட்டு நடு ஸ்பீக்கர்

மூன்று மாதமாக லிஃப்ட்காரர் வீட்டில் நடந்த சண்டை அந்தக் கட்டிடம் முழுக்கத் தெரிந்த சண்டை. மாடிப்படி ஏறுகிறவர்கள் எல்லாருக்கும், மூன்றாவது மாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு, "உன்னால எனக்கு ஒரு நாளாவது நிம்மதி உண்டா?" என்று கேட்பது காதில் விழும். பெண்டாட்டியைப் போட்டு வறுக்கிறார் என்று இரண்டாவது மாடியில் முடிவுகட்டி, அந்தம்மாவைப் படியில் பார்த்தால் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு நின்றார்கள். அவர் வறுத்தது ஒரு சவுண்ட்பாரை, டிவிக்குச் சத்தம் தருகிற ஒற்றை நீள ஸ்பீக்கரை. கறுப்பாக, ஒரு கை நீளத்துக்கு, டிவிக்குக் கீழே அசையாமல் படுத்துக் கிடந்த அந்தச் சனியனை.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் முப்பத்தொரு வருடம். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். நாற்பது கட்டிடங்களின் லிஃப்ட் அவர் கையில். அவர் குடியிருந்த கட்டிடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. அதைச் சொல்லி யாராவது சிரித்தால் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

தொழிலில் அவர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். புகார் வந்தால் மெஷினைப் பார், ஆளைப் பார்க்காதே. ஒருமுறை ஆறாவது மாடியில் குடியிருந்த ஒரு அம்மாள், லிஃப்ட் நாலாவது மாடி தாண்டும்போது லேசாக உதறுகிறது என்று வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்தார். கம்பெனியில் எல்லாரும் சிரித்தார்கள். அந்தம்மாவுக்குத் தலைசுற்றல், அதுதான் லிஃப்டை ஆட்டுகிறது என்றார்கள். லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. கூண்டின் மேலேறி, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, அரை நாள் அங்குலம் அங்குலமாகப் போய்ப் பார்த்தார். நாலாவது மாடிக்கு நேரே, லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தைப் பிடித்திருந்த போல்ட் ஒன்று கழன்று, விரலால் திருகினால் சுற்றுகிற நிலையில் இருந்தது. அன்றிலிருந்து, 'பயணியின் தவறு' என்று புகார்ப் புத்தகத்தில் இருக்கும் கட்டத்தில் அவர் ஒரு தடவைகூட டிக் அடித்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இனி சண்டைக்கு வருவோம்.

அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு டிவி, அதன் கீழே ஒரு கனத்த ஆம்ப்ளிஃபையர், இரண்டு பக்கமும் இடுப்புயர ஸ்பீக்கர்கள், நடுவில் ஒரு குட்டி ஸ்பீக்கர். மகள் பிறந்த வருடம் வாங்கிய சாமான்கள் இவை. நடுவில் இருக்கும் குட்டி பார்க்க வாயில்லாப் பூச்சி மாதிரி இருக்கும். ஆனால் படத்தில் பாட்டும் மழையும் சண்டையும் பக்கத்து ஸ்பீக்கர்களுக்குப் போக, மனிதர்கள் பேசுகிற பேச்சு முழுக்க அந்த நடு ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும். ஒருநாள் அது கரகரவென்று இருமியது. மறுநாள் போய்ச் சேர்ந்தது. அந்த அளவில் இப்போது யாரும் செய்வதில்லை என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள்.

நடு ஸ்பீக்கர் இல்லை என்று ஆம்ப்பில் ஒரு செட்டிங் போட்டால், பேச்சை அது பக்கத்து இரண்டுக்கும் பிரித்துக் கொடுத்துவிடும். அதைத்தான் செய்தார். அவர் காதுக்குக் குறையொன்றும் தெரியவில்லை. மனைவிதான் இரண்டாவது நாளே முகம் சுளித்தாள்.

"பேசறது தெளிவா இல்லீங்க. கொழகொழன்னு இருக்கு."

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் ஏழு மணி ஆனதும் போனை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விட்டாள். அதே தொடரை அந்தச் சின்னத் திரையில், மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, அடியில் எழுத்து ஓட ஓடப் பார்த்தாள். கூடத்தில் சோபாவின் ஒரு பாதி காலியானது.

அந்தப் பாதிதான் விஷயம். அவள் அட்டைப்பெட்டி ஆலையில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவள். அட்டைத் தாளை வெட்டி மடிக்கிற மெஷின் பக்கத்தில் நிற்கிற வேலை. அங்கே போடுகிற இரைச்சலில் பேச்சு எடுபடாது. பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து, வாயை மட்டும் அசைத்தே மாமியார் கதை முழுவதையும் பேசி முடித்துவிடுவோம் என்று கல்யாணமான புதிதில் அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு மறந்துபோனார். அவளுக்கு ஒரு ஷிஃப்ட், அவருக்கு ஒரு ஷிஃப்ட். சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போய், சாவியை அங்கிருந்து எடுத்து உள்ளே வந்து, அப்படியே ஒரு குடித்தனம் ஓடிவிட்டது. நாலு வருடம் முன்பு அவள் வேலையை விட்ட பிறகுதான் ஏழிலிருந்து எட்டு வரை என்று ஒரு மணி நேரம் இருவருக்கும் சேர்ந்து கிடைத்தது. நாள் பூராவும் இருட்டுக் குழிக்குள் இரும்புக் கயிற்றோடு பேசிக்கொண்டிருக்கிற மனிதருக்கு அந்த ஒரு மணி நேரம் என்றால் உயிர். அது ஒரு அட்டைப்பெட்டி அளவு ஸ்பீக்கரால் பறிபோவதை அவரால் தாங்க முடியவில்லை. அவள் திரும்ப வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

விஷயம் மகள் வழியாக மாப்பிள்ளைக்குப் போயிற்று. பத்தாம் நாள் பெரிய பெட்டியில் சவுண்ட்பார் வந்து இறங்கியது.

"மாமா, அந்தப் பழசையெல்லாம் தூக்கிக் கடாசுங்க. இது ஒண்ணு போதும்," என்று மாப்பிள்ளை போனில் சொன்னார்.

கடாசுங்களாம். லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் மாப்பிள்ளை முகத்துக்காக ஆம்ப்பை ஒதுக்கிவிட்டு, பாரை நேராக டிவியில் மாட்டிப் பார்த்தார். மனைவி வந்து பத்து நிமிடம் உட்கார்ந்தாள். "அதேதாங்க," என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

இங்கேதான் அவருக்கு அந்த யோசனை பிடித்தது. பேச்சைத் தனியாகப் பிரிப்பதில் பழைய ஆம்ப் கெட்டிக்காரன். பேச்சைப் பளிச்சென்று ஒலிப்பதில் இந்தப் பார் கெட்டிக்காரன் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஆம்ப் பிரிக்கும் நடுச்சத்தத்தைப் பாருக்குள் விட்டுவிட்டால் வேலை முடிந்தது. அரை மணி நேர வேலை என்று நினைத்தார். அவர் தலையெழுத்து.

ஆம்ப் ஒரு கம்பெனி, பார் இன்னொரு கம்பெனி. பாரோடு வந்த புத்தகத்தில் பதினாலு பாஷை இருந்தது. பதினாலிலும் இதற்குப் பதில் இல்லை. உதவி எண்ணுக்குப் போன் போட்டார். இருபது நிமிடம் ஒரு புல்லாங்குழல் ஊதியது. அதன் பிறகு ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம் சார். உங்க டிவி என்ன மாடல்?"

"டிவிய விடும்மா. ஆம்ப்லேர்ந்து சென்டர் சேனல மட்டும் உங்க பாருக்குள்ள விடணும். எந்த ஓட்டையில விடறது?"

"சார், பார ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"அது ஆன்லதாம்மா இருக்கு! நான் கேட்டது வேற!"

"புரியுது சார். பார் நடு ஸ்பீக்கரா வேலை செய்யணும்னா, எங்க கம்பெனி டிவியோ எங்க கம்பெனி ஆம்ப்போ இருக்கணும். வேற பிராண்டோட அது பேசாது சார்."

வேற பிராண்டோடு பேசாதாம். சாதி பார்க்கிற சவுண்ட்பாரை அவர் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தார். போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நாலு தடவை நடந்தார்.

"இவன் பேச மாட்டானாம்! நான் பேச வெக்கறனா இல்லயா பாரு!" என்று அடுப்படி வாசலில் நின்று மனைவியின் முதுகைப் பார்த்துச் சபதம் செய்தார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. அது வேறு அவருக்கு எரிச்சலைக் கிளப்பியது. கொஞ்ச வருடமாகவே அவள் இப்படித்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். வாசல் மணியை நாலு தடவை அடித்தால்தான் திறப்பாள். இத்தனை காலம் தனியாக விட்டதற்கு வட்டி போட்டு வாங்குகிறாள் என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தார். கேட்டதில்லை.

அடுத்து அவர் செய்ய இருந்தது பெரிய முட்டாள்தனம். ஆம்ப்பின் முதுகில் நடு ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயரை எடுத்து, ஒரு ஹெட்போன் பின்னில் முறுக்கி, பாரின் பக்கவாட்டில் இருந்த சின்ன ஓட்டைக்குள் செருகிவிடுவது என்று திட்டம். முறுக்கிய இடத்தில் பற்றவைத்துத் தரச்சொல்லி, கடைத்தெருவில் டிவி ரிப்பேர் பார்க்கிற ஈயத்திடம் கொண்டுபோனார். எப்போது பார்த்தாலும் கையில் பற்றவைக்கிற ஈயக்கம்பியோடு இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

ஈயம் ஒயரைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"அண்ணே, இத எங்க சொருகப் போறீங்க?"

"பார்ல."

"செருப்பால அடிங்க என்னை. இது ஸ்பீக்கர ஓட்டற கரண்டுண்ணே! அந்தப் பாருக்குள்ள ஏற்கெனவே தனியா ஒரு ஆம்ப் இருக்கு. குழந்தைக்குப் பாலாடையில பால் ஊத்தற எடத்துல பைப்பத் திறந்து விடறீங்க. பொகை வந்திருக்கும்."

லிஃப்ட்காரர் முகம் செத்துப்போயிற்று. நாற்பது லிஃப்டை மேய்க்கிற ஆள். இதை யோசித்திருக்க வேண்டாமா? ஈயம் கொஞ்சம் இளகினான்.

"ஆம்ப்போட முதுகுல வட்டவட்டமா ஒரு வரிசை ஓட்டை இருக்கும். ப்ரீ-அவுட்டுன்னு எழுதியிருக்கும். அதுல சென்டர் இருக்கான்னு பாருங்க. அது வெறும் சிக்னல்தான். அத விட்டா பார் தாங்கும்."

இருபத்தாறு வருடத் தூசியைப் பல் துலக்குகிற பிரஷ்ஷால் தேய்த்தபோது அந்த வரிசை தெரிந்தது. கடைசியிலிருந்து இரண்டாவது ஓட்டை, சென்டர். கூடவே இருந்தவனை இத்தனை நாள் கண்டுகொள்ளவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். ஈயம் கேபிள் செய்துகொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டி, ஆம்ப்பில் நடு ஸ்பீக்கர் உண்டு என்று செட்டிங்கை மாற்றி, செய்தியைப் போட்டார். செய்தி வாசிக்கிறவரின் குரல் கண்ணாடி மாதிரி நடுவிலிருந்து வந்தது. லிஃப்ட்காரர் தரையில் உட்கார்ந்தபடியே கையைத் தட்டினார்.

மனைவியை இழுத்துவந்து உட்காரவைத்தார். அவள் திரையை உற்றுப் பார்த்தாள். ஒரு நிமிடம் ஆகவில்லை, புருவம் சுருங்கியது.

"சத்தம் பின்னாடி வருதுங்க."

"பின்னாடின்னா?"

"அவன் வாய மூடின பிறகு பேச்சு வருது. தலைய வலிக்குது எனக்கு."

அவர் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வாயும் சத்தமும் கச்சிதமாகப் பொருந்தித்தான் இருந்தன. ஆனால் விதி என்ன? ஆளைப் பார்க்காதே, மெஷினைப் பார். ஈயத்திடம் கேட்டார். பார் எந்தச் சத்தத்தையும் விழுங்கி, மென்று, அழகுபடுத்திவிட்டுத்தான் வெளியே விடும், அதில் கண்ணிமைக்கிற நேரம் தாமதம் ஆகும். ஆம்ப்புக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றான். ஆக அவள் சொன்னது சரி. லிஃப்ட்காரருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமை நாலு நாளில் வடிந்தது. பக்கத்து ஸ்பீக்கர்களைக் கொஞ்சம் தாமதமாக்கினார். மூன்றும் ஒன்று சேர்ந்தன, ஆனால் மூன்றும் சேர்ந்து படத்துக்குப் பின்னால் ஓடின. பாரில் சினிமா, இசை, விளையாட்டு, குரல் என்று ஏழு விதம் இருந்தது. ஏழையும் மாற்றிப் பார்த்தார். டிவியின் செட்டிங்குக்குள் இறங்கி, எதையோ அமுக்கி, ஒரு நாள் முழுக்க மெனு வேறு பாஷையில் ஓடியது. ஒவ்வொரு தடவையும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைப்பார். ஒவ்வொரு தடவையும் அவள், "இப்பவும் பின்னாடிதான்," என்பாள். சில தடவை, "இப்ப முன்னைக்குப் பரவால்ல, ஆனா பின்னாடிதான்," என்பாள். அது சரியாகவும் இருக்கும். ஈயத்தையே வீட்டுக்குக் கூட்டிவந்து கேட்கச் சொன்னார். அவன் காதைத் தீட்டிக்கொண்டு கால் மணி நேரம் கேட்டான்.

"எனக்கே தெரியலண்ணே. உங்க வீட்டம்மாவுக்குப் பாம்புக்காது!"

அவள் சிரித்து, காபி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று அவன் சொல்லிக்கொண்டே செருப்பு மாட்டக் குனிந்தான். அவள் காபி போட்டுக் கொண்டுவந்து நின்றாள். மறுக்க முடியாமல் குடித்துவிட்டுப் போனான்.

இது போதாதென்று பாருக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் இருந்தது. படத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசாவிட்டால், தனக்கு வேலையில்லை என்று நினைத்து அது தூங்கிவிடும். கதாநாயகன் சோகமாக ஒரு கடற்கரையில் நடந்தால் போதும். திரும்ப அவன் வாயைத் திறக்கும்போது பாரைத் தட்டி எழுப்ப வேண்டும். சம்பளம் வாங்குகிற ஆளாக இருந்தால் என்றைக்கோ சீட்டுக் கிழிந்திருக்கும். ரிமோட்டைத் தரையில் வீசாமல் இருக்க லிஃப்ட்காரர் சில நாள் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. பக்கத்தில் சோபா காலியாகத்தான் இருந்தது.

மூன்று மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இன்றோடு இதற்கு ஒரு முடிவு என்று உட்கார்ந்தார். லிஃப்டில் எப்படிச் செய்வாரோ அப்படி. பக்கத்து ஸ்பீக்கர் இரண்டின் ஒயரையும் உருவிவிட்டார். பார் மட்டும் பேசட்டும். டிவி மேஜையை இழுத்துப் போட்டு, அதற்குப் பின்னால் டார்ச்சோடு குப்புறப் படுத்துக்கொண்டார். நீதிமன்றத் தொடர் ஒன்று ஓடியது. மனைவி எதிரே சோபாவில்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று பின்னாலிருந்து கேட்டார். பதில் இல்லை. "ஏ! இப்ப எப்படி?" மறுபடி பதில் இல்லை. அவருக்கு ஜிவ்வென்று ஏறியது. எழுந்து தலையை நீட்டினார். "வாயில என்ன கொழுக்கட்டயா வெச்சிருக்க?"

"என்னங்க?"

"ஒண்ணும் இல்ல. நான் டார்ச் அடிப்பேன். அடிக்கறப்ப எப்படி இருக்குன்னு சொல்லு. போதும்."

லிஃப்ட் குழிக்குள் இருக்கும்போது மேல்மாடி ஆளோடு அவர் அப்படித்தான் பேசுவார். திரும்பப் படுத்து டார்ச்சைச் சுவரில் அடித்தார். "பின்னாடி," என்று உடனே பதில் வந்தது. ஒரு எண்ணை மாற்றினார். அடித்தார். "பின்னாடி." மாற்றினார். "இப்ப அதவிட மோசம்." கூப்பிட்டால் வாயே திறக்காதவள் டார்ச்சுக்கு எப்படிப் பதில் சொல்கிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். முழங்கை தரையில் உராய்ந்து எரிந்தது. மூக்கில் தூசி. கழுத்து பிடித்துக்கொண்டது. லிஃப்ட் குழியில் இப்படிக் கிடந்தால் கூடுதல் படி தருவார்கள்.

தொடரில் குற்றவாளியை நீண்ட தாழ்வாரம் வழியாக நடத்திக்கொண்டு போனார்கள். யாரும் பேசவில்லை. காட்சி முடிகிற வழியாக இல்லை. ஆம்ப்பில் பேச்சு வரும்போது துடிக்கும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரருக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. விளக்கு துடிக்கிறது, அப்படியானால் யாரோ பேசுகிறார்கள். ஆனால் சத்தம் இல்லை. பார் தூங்கிவிட்டது. பக்கத்து ஸ்பீக்கர்களும் இல்லை. கூடத்தில் ஃப்ரிட்ஜ் உறுமுவதும், மேல்வீட்டுக் குழாய் சொட்டுவதும் மட்டும் கேட்டன.

"மறுபடியும் தூங்கிட்டான் பரதேசி," என்று முணுமுணுத்துக்கொண்டு ரிமோட்டைத் துழாவினார். துழாவிய கையில் டார்ச் இருந்தது. வெளிச்சம் சுவரில் போய் விழுந்தது.

"ஆங்! இதாங்க!" என்றாள் மனைவி. "இப்பத்தான் சரியா இருக்கு. இதுக்கு மேல எதையும் தொடாதீங்க."

கிண்டல் செய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். தலையை மேஜைக்கு மேலே மெல்ல உயர்த்தினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. திரையில் கண்ணை நட்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, யாரோ சொல்வதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். வாய் லேசாக அசைந்தது. மூன்று மாதமாக அவர் பார்க்காத முகம் அது. தொடர் பார்க்கிற முகம்.

"பாருங்க, என்ன பொய் சொல்றான்! சாவி என்கிட்ட இல்லவே இல்லங்கறான். போன வாரந்தான சட்டைப் பையில போட்டான்?"

லிஃப்ட்காரர் ரிமோட்டை அமுக்கவில்லை. அந்த மௌனத்தில் அப்படியே மண்டியிட்டு நின்றார். மெஷினில் கோளாறு தேடுகிற புத்தி அப்போதும் விடவில்லை. குரலை உயர்த்தாமல், சாதாரணமாக, அவள் முகத்தைப் பார்த்து வாயை டிவிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னார்.

"வீடு தீப்பிடிச்சு எரியுது."

அவள் திரையிலிருந்த வக்கீலைப் பார்த்துச் சிரித்தாள்.

வாசல் மணி. அடுப்படி முதுகு. மூக்குக்கு நேரே பிடித்த போன், அடியில் ஓடும் எழுத்து. மகளோடு பேசுவதென்றால் முகம் தெரிகிற போன்தான் வேண்டும் என்கிற பிடிவாதம். ஈயத்தின் காபி. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக மெஷின் நிரபராதி. 'பயணியின் தவறு' என்ற அந்தக் கட்டத்தில் அவர் டிக் அடிக்க வேண்டியிருந்தது. அவருக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான்.

மேஜையைச் சுற்றி வந்து அவள் எதிரே நின்றார்.

"உனக்குக் காது கேக்கலயா?"

அவள் முகம் மாறியது. மறைக்கப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

"கொஞ்சம் கேக்கும்."

"கொஞ்சம்னா?"

"கதவ அடிச்சா கேக்கும். லாரி போனா கேக்கும். அந்தப் பழைய நடு ஸ்பீக்கர் இருந்தப்ப, அது நடுவுல இருந்து கரகரன்னு கொஞ்சம் வரும். அதையும் அவங்க வாயையும் சேர்த்து வெச்சு ஓட்டிட்டிருந்தேன். இது வந்த பிறகு வாய் ஒண்ணு சொல்லுது, காது ஒண்ணு சொல்லுது. ரெண்டும் கெட்டுப்போச்சு."

"எத்தன வருஷமா?"

"ஆலைய விடறதுக்கு முன்னாடியே. அங்க சொன்னா சம்பளம் கொறஞ்ச பேக்கிங்குக்கு மாத்திடுவாங்கன்னு சொல்லல. அப்புறம் பொண்ணுக்குத் தெரிஞ்சா பேரக் குழந்தைய என்கிட்ட விட மாட்டாளேன்னு சொல்லல."

"எங்கிட்ட? எங்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு? மூணு மாசம்! மூணு மாசமா என்னைத் தரையில போட்டு உருட்டினயே! அந்தப் பொண்ணுகிட்ட போன்ல தொண்ட கிழியக் கத்தினேன், ஈயத்துகிட்ட அவமானப்பட்டேன், மாப்பிள்ள முன்னாடி..."

"கத்தாதீங்க," என்றாள் அவள். "கத்தினா உங்க வாய் கோணிக்குது. ஒரு எழுத்தும் புரிய மாட்டேங்குது."

அவர் வாயை மூடினார். இந்த முறை கோபம் வரவில்லை.

"உங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள் அவள். குரலில் இத்தனை நாள் சேர்த்துவைத்த சலிப்பு இருந்தது. "தெளிவா இல்லன்னு சொன்னேன். ஆரம்பத்துலயே சொன்னேன். நீங்க பெட்டியப் பிரிச்சீங்க. மறுபடியும் சொன்னேன். அடுத்த பெட்டியப் பிரிச்சீங்க. என் முகத்தப் பாத்து எப்ப பேசினீங்க? அதுக்குப் பின்னால தலைய விட்டுக்கிட்டு, முதுகக் காட்டிக்கிட்டே பேசறீங்க. நான் எதப் பாத்துப் புரிஞ்சுக்கறது, உங்க முதுகையா?"

அரை நாள் கூண்டின் மேல் நின்று ஒரு போல்ட்டைக் கண்டுபிடித்த மனுஷன். வீட்டுக்குள் நாலு வருடமாக இதைக் கண்டுபிடிக்கவில்லை.

சோபாவில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மூன்று மாதமாக அவர் ஆசைப்பட்ட இடம். உட்கார்ந்து வாயைத் திறந்தவர், நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்தால் அவளுக்கு அவர் காது மட்டும்தான் தெரியும். எழுந்தார். சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றைத் தரதரவென்று இழுத்து அவளுக்கு நேர் எதிரே போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வார்த்தையாக, வாய் கோணாமல் பேசினார்.

"நாளைக்கு லீவு போடறேன். காது டாக்டர்கிட்ட போறோம்."

அவள் கொஞ்ச நேரம் அவர் வாயையே பார்த்தாள்.

"போலாம். அங்க வந்து, டெஸ்ட் பண்ற மெஷின் சரியில்லன்னு சண்ட போடக் கூடாது."

"போட மாட்டேன்."

"அந்தக் காதுல வெக்கறதப் பிரிச்சுப் பாக்கக் கூடாது."

அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். அவள் காத்திருந்தாள்.

"சரி, பாக்க மாட்டேன்."

அவருக்கு இன்னும் சொல்ல இருந்தது. வாசல் மணி அடித்துவிட்டு வெளியே நின்று அவளைத் திட்டிய நாட்களைப் பற்றி, மனதுக்குள் போட்டு வைத்திருந்த அந்தக் கணக்கைப் பற்றி. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, அவள் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோனார். அவருக்குப் பின்னால் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசிக்கிறார்கள் போலிருந்தது. சத்தம் இல்லை. ஆம்ப்பின் விளக்கு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

அவள் கையை நீட்டி, அவர் தோளை ஒரு பக்கமாகத் தள்ளினாள்.

"கொஞ்சம் நகந்துக்குங்க, ஜட்ஜு மறையறாரு," என்றாள். "நீங்க அப்புறம் சொல்லுங்க. நான் எங்க போயிடப் போறேன்?"

அவர் நாற்காலியோடு அரை அடி நகர்ந்துகொண்டார்.